பாகம் பிரிக்கும் முன் விலை போடுங்கள்: வாரிசுச் சொத்தை மதிப்பிடும் முறை

கருமாதி முடிந்து வெளியூர் உறவினர்கள் பஸ் ஏறுவதற்குள் சொத்துப் பேச்சு தொடங்கிவிடும். மாசி வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் மூன்று சென்ட் வீடு, சோழவந்தான் பக்கம் ஒன்றேகால் ஏக்கர் நஞ்சை, ஒத்தக்கடைக்கு அப்பால் தவணையில் வாங்கிப்போட்ட ஐந்து சென்ட் மனை. மதுரைக்காரர் ஒருவர் விட்டுச்செல்லும் சொத்து பெரும்பாலும் இப்படித்தான் கலந்து கிடக்கும். "அண்ணே, வீட்டை நீங்க வச்சுக்கங்க, வயலை எனக்கு விட்ருங்க, மனை தங்கச்சிக்கு" என்று யாராவது சொல்வார்கள். மற்றவர்கள் தலையாட்டுவார்கள். அடுத்த வருஷம் அதே மூன்று பேர் மூன்று வக்கீல்களிடம் உட்கார்ந்திருப்பார்கள்.

பிரிக்கும்போது மூன்றுக்கும் யாரும் விலை போட்டுப் பார்க்காததுதான் இதற்குக் காரணம். விலை போடுவது என்றால் தரகரிடம் ஒரு தொகை கேட்டுவிட்டு வருவதல்ல. பங்கு எத்தனை, எந்தத் தேதிக்கு விலை, கையில் உண்மையில் என்ன இருக்கிறது என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை தெரிந்த பிறகுதான் தொகைக்கே வர வேண்டும்.

முதலில் பங்கு

உயில் எழுதாமல் இறந்த இந்து ஆணின் சொத்து, 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகன்கள், மகள்கள், தாய் ஆகியோருக்குச் சமபங்காகச் சேரும். இந்தப் பட்டியலில் அடிக்கடி மறந்துபோகிறவர் தாய். மனைவி, தாய், இரண்டு மகன், ஒரு மகள் இருந்தால் ஆளுக்கு ஐந்தில் ஒரு பங்கு. பாகம் பிரிப்பதற்குள் அந்தத் தாயும் இறந்துவிட்டால், அவருடைய பங்கு அவருடைய பிள்ளைகளுக்குப் போகும். இறந்துபோன மகனின் இடத்தில் பேரப்பிள்ளைகள் நிற்பார்கள். அதாவது சித்தப்பாவும் அத்தையும் இப்போது பங்குதாரர்கள். இதைக் கவனிக்காமல் எழுதிய பாகப்பிரிவினைகள் பத்து வருஷம் கழித்து ஆட்டம் காண்கின்றன.

பூர்வீகச் சொத்தில் மகள்களுக்குச் சம உரிமையைத் தமிழ்நாடு 1989லேயே சட்டமாக்கியது. ஆனால் அதற்கு முன் திருமணமான மகள்கள் அதில் விடுபட்டார்கள். 2005இல் வந்த மத்தியச் சட்டத் திருத்தம் அந்த வேறுபாட்டை நீக்கியது. திருத்தம் வந்த 2005 செப்டம்பர் 9 அன்று தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்ற வாதத்தையும் வினிதா சர்மா வழக்கில் 2020 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றம் தள்ளிவிட்டது. முஸ்லிம், கிறிஸ்தவக் குடும்பங்களுக்குப் பங்கின் அளவு வேறு. முஸ்லிம் குடும்பத்தில் பிள்ளைகள் இருந்தால் மனைவிக்கு எட்டில் ஒன்று, மகளுக்கு மகன் பங்கில் பாதி. கிறிஸ்தவக் குடும்பத்தில் மனைவிக்கு மூன்றில் ஒன்று, மீதி பிள்ளைகளுக்குச் சமமாக. தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழ் யார் யார் வாரிசு என்று காட்டும். யாருக்கு எவ்வளவு என்று அதில் இருக்காது.

எந்தத் தேதிக்கு விலை?

ஒரே வீட்டுக்கு மூன்று தேதிகளில் விலை தேவைப்படலாம். பாகம் பிரிக்கும் நாளின் விலை, சகோதரர்களுக்குள் கணக்கு நேராக. 2001 ஏப்ரல் 1ஆம் தேதி விலை, பின்னால் விற்கும்போது வருமான வரிக்கு. இறந்த தேதியின் விலை, வெளிநாட்டில் இருக்கும் வாரிசுக்கு.

இந்தியாவில் மரணவரி 1985 மார்ச்சிலேயே ஒழிந்துவிட்டது. அதனால் இறந்த நாளின் விலையை இங்கே எந்த வரி அலுவலகமும் கேட்பதில்லை. அமெரிக்காவில் கதை வேறு. அங்கே வரி கட்டும் ஒருவர் வாரிசாகப் பெற்ற சொத்தை விற்றால், சொத்துக்காரர் இறந்த தேதியின் சந்தை விலைதான் அடக்க விலை. டல்லாஸில் இருக்கும் மகனுக்கு அந்தத் தேதியின் மதிப்பறிக்கை இல்லையென்றால் அங்கே தேவையில்லாமல் அதிக வரி விழும். ஆகவே மதிப்பீட்டாளரை அழைக்கும்போதே எந்தெந்தத் தேதிக்கு அறிக்கை வேண்டும் என்று சொல்லிவிட வேண்டும். ஒரே நேரடி ஆய்வில் எல்லாவற்றையும் முடித்துக்கொள்ளலாம்.

தேதி எவ்வளவு முக்கியம் என்பதற்கு மேலூர் வட்டாரமே சாட்சி. அரிட்டாபட்டியை உள்ளடக்கிய நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்கத் தொகுதி 2024 நவம்பர் 7 அன்று ஏலத்தில் இந்துஸ்தான் ஜிங்க் நிறுவனத்துக்குப் போனது. ஊர்மக்கள் போராட்டத்துக்குப் பின் 2025 ஜனவரி 23 அன்று மத்திய அரசு அந்த ஏலத்தை ரத்து செய்தது. இடைப்பட்ட பதினொரு வாரத்தில் அங்குள்ள ஒரு வயலுக்கு மதிப்பறிக்கை எழுதியவர் அந்தச் செய்தியைக் கணக்கில் சேர்க்காமல் எழுதியிருக்க முடியாது.

காகிதமும் தரையும்

விலைக்கு முன் அளவு. பத்திரத்தில் ஏக்கரும் சென்ட்டும், பட்டாவில் ஹெக்டேரும் ஏரும் இருக்கும். ஒரு சென்ட் 435.6 சதுர அடி, ஒரு ஏர் 2.47 சென்ட். 1960களில் எழுதிய கிரையப் பத்திரம் ஒன்றேகால் ஏக்கர் என்று சொல்லும், பட்டாவில் 0.48.50 ஹெக்டேர் என்று இருக்கும். கணக்குப் போட்டால் ஒரு ஏக்கர் இருபது சென்ட்டுக்குச் சற்றுக் குறைவு. அந்த ஐந்து சென்ட் பக்கத்து வரப்புக்குள் போயிருக்கலாம், வாய்க்காலுக்கு விட்டிருக்கலாம், 1980களில் நடந்த யு.டி.ஆர். நிலப் பதிவு மேம்பாட்டின்போது தவறாக ஏறியிருக்கலாம். சர்வேயரை வைத்துப் புல வரைபடத்தோடு அளந்து பார்க்காமல் "ஒன்றேகால் ஏக்கர் இருக்கு" என்று விலை போட்டால், இல்லாத ஐந்து சென்ட்டுக்கு யாரோ ஒரு சகோதரர் பணம் கொடுத்துக்கொண்டிருப்பார்.

சேகரிக்க வேண்டியவை: தாய்ப்பத்திரம், பட்டா, சிட்டா, அ-பதிவேடு, புல வரைபடம், நகரமானால் நகர நில அளவைப் பதிவேட்டு நகல், குறைந்தது 30 ஆண்டுக்கான வில்லங்கச் சான்று, வீட்டு வரி ரசீது, கட்டட அனுமதி வரைபடம். வீட்டுப் பத்திரத்தில் நான்கெல்லைக்குக் கீழே "கிழமேல் ஜாதியடி", "தென்வடல் ஜாதியடி" என்று கொடுத்திருக்கும் நீளங்களை டேப் வைத்துச் சரிபார்க்க வேண்டும்.

அடுத்தது சொத்தின் மேல் இருக்கும் பாரம். மதுரையில் இதில் முதலில் நிற்பது ஒத்தி. மாடியை ஆறு லட்சத்துக்கு ஒத்திக்கு விட்டிருப்பார் அப்பா. மாத வாடகை வராது. கெடு முடிந்ததும் அந்த ஆறு லட்சத்தை முழுதாகத் திருப்பித் தந்தால்தான் மாடி கைக்கு வரும். வீடு யார் பங்குக்குப் போகிறதோ அவர் தலையில் அந்தக் கடனும் விழும், ஆகவே வீட்டின் விலையிலிருந்து அதைக் கழித்தாக வேண்டும். பதிவு செய்த ஒத்தி வில்லங்கச் சான்றில் தெரியும். வெறும் முத்திரைத்தாளில் எழுதியது எதிலும் தெரியாது, குடியிருப்பவரிடம் கேட்டால்தான் உண்டு.

இரண்டாவது, அடிமனை. கோயிலுக்குச் சொந்தமான மனையில் நிற்கும் பல வீடுகளுக்குத் தலைமுறைகளாக அடிமனை வாடகை கட்டி வருகிறார்கள். அங்கே குடும்பத்துக்குச் சொந்தம் கட்டடம் மட்டுமே. மனைக்கு விலை போட்டுப் பங்கு பிரித்தால் அந்தப் பாகம் பதிவாளர் அலுவலகத்திலேயே நின்றுவிடும். வயலில் பதிவு பெற்ற குத்தகைதாரர் இருந்தால் 1955ஆம் ஆண்டு சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் அவருக்கு அரண். வாங்க வருபவர் அதற்காகவே விலையைக் குறைப்பார்.

வழிகாட்டி மதிப்பு எதற்கு வழிகாட்டும்?

பதிவுத்துறை இணையதளத்தில் தெருப் பெயரையோ சர்வே எண்ணையோ கொடுத்தால் வழிகாட்டி மதிப்பு வந்துவிடும். பல குடும்பங்கள் அதையே சொத்தின் விலை என்று எடுத்துக்கொள்கின்றன. அது முத்திரைத் தீர்வை வசூலிக்க அரசு வகுத்த அளவு. 2017 ஜூனில் தமிழ்நாடு அரசு அதை ஒரே நாளில் 33 சதவீதம் குறைத்தது. அன்று மதுரையில் எந்த வீட்டின் விலையும் மூன்றில் ஒரு பங்கு சரிந்துவிடவில்லை. 2024 ஜூலை 1 முதல் புதிய மதிப்புகள் நடைமுறைக்கு வந்தபோதும் அப்படித்தான்.

இதே கேள்வி தமிழ்நாட்டின் மிகப் பிரபலமான நில வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் வரை போனது. சென்னை கிண்டியில் அரசு நிறுவனமான டான்சியின் நிலத்தை 1992இல் விற்றது குறித்த வழக்கு. வழிகாட்டி மதிப்பைவிடக் குறைவாக விற்றதால் அரசுக்கு நஷ்டம் என்பது குற்றச்சாட்டின் ஒரு பகுதி. 2003 நவம்பர் 24 அன்று வந்த தீர்ப்பு, வழிகாட்டி மதிப்பு முத்திரைத் தீர்வைக்கான முதல்நிலைக் கணக்கே தவிர சந்தை விலையை முடிவு செய்யும் இறுதி ஆதாரம் ஆகாது என்றது. அதற்கு முன்பே 1994இல், ஆந்திரத்து வழக்கான ஜவாஜி நாகநாதம் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் இதே நிலையை எடுத்திருந்தது. ஆக, பங்காளிகளில் ஒருவர் "கவர்மென்ட் விலைக்கே பிரிச்சுக்குவோம்" என்றால், அந்தக் கணக்கில் எந்தச் சொத்து மலிவாகிறது, அது யார் பங்குக்குப் போகிறது என்று மற்றவர்கள் பார்க்க வேண்டும். நகரத் தெருவிலும் கிராமத்து வயலிலும் வழிகாட்டி மதிப்புக்கும் சந்தை விலைக்குமான இடைவெளி ஒரே அளவில் இருப்பதில்லை.

சந்தை விலையைக் கண்டுபிடிப்பது

நம்பகமான வழி, பக்கத்தில் சமீபத்தில் விற்ற சொத்துகளைப் பார்ப்பது. நம் சர்வே எண்ணுக்கு மட்டுமல்லாமல் சுற்றியுள்ள எண்களுக்கும் வில்லங்கச் சான்று போட்டால் மூன்று ஆண்டுக்குள் நடந்த கிரையங்கள் வரிசையாக வரும். ஆனால் பத்திரத்தில் எழுதிய தொகை பல நேரம் வழிகாட்டி மதிப்பை ஒட்டியே நிற்கும், உண்மையில் கைமாறிய தொகை அதைவிட அதிகமாக இருக்கும். வங்கிக் கடனில் வாங்கிய கிரையங்களில் இந்த இடைவெளி குறைவு என்பதால் அவற்றைத் தேடிப் பிடிப்பது நல்லது. 2013ஆம் ஆண்டு நிலம் கையகப்படுத்தும் சட்டமும் இந்தச் சிக்கலை உணர்ந்தே, மூன்றாண்டுக் கிரையங்களில் விலை கூடிய பாதியை மட்டும் எடுத்துச் சராசரி போடச் சொல்கிறது. குடும்பங்களும் இதே முறையைக் கடன் வாங்கிக்கொள்ளலாம். தரகர் சொல்லும் விலை கேட்கும் விலை, வங்கி ஏல அறிவிப்பில் வரும் விலை அவசரத்தில் விற்கும் விலை. இரண்டையும் மேல் எல்லை, கீழ் எல்லையாக வைத்துக்கொள்ளலாம்.

மூன்று சொத்து, மூன்று கணக்கு

மாசி வீதிப் பகுதி வீட்டில் மனை விலை வேறு, கட்டட விலை வேறு. மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் 9 மீட்டர் உயரத்துக்கு மேல் கட்டக் கூடாது என்ற கட்டுப்பாட்டை 1997 அரசாணை கொண்டுவந்தது. இடித்துவிட்டு நாலு மாடி எழுப்பலாம் என்ற நினைப்பில் விலை போடுபவர், முதலில் மாநகராட்சியில் இப்போதைய விதியைக் கேட்டுவிட்டு வரட்டும். சந்தின் அகலமும் விலையைத் தீர்மானிக்கும். லோடு வண்டி நுழையாத சந்தில் மனைக்குத் தெரு முகப்பின் விலை கிடைக்காது.

எண்களுக்கு வருவோம். கீழே உள்ள தொகைகள் முறையைக் காட்டுவதற்காக எடுத்துக்கொண்ட கற்பனைத் தொகைகள். மூன்று சென்ட் என்பது 1,306.8 சதுர அடி. சதுர அடி 5,000 ரூபாய் என்றால் மனை 65.34 லட்சம். கட்டடம் 1,200 சதுர அடி, இன்று புதிதாகக் கட்ட 24 லட்சம் ஆகும் என்று வைத்துக்கொள்வோம். ஆயுள் 60 ஆண்டு, வயது 40, கடைசியில் இடிபொருளாக 10 சதவீதம் மிஞ்சும் என்று எடுத்தால் 60 சதவீதம் தேய்மானம் போக 9.60 லட்சம். கூட்டினால் 74.94 லட்சம். ஒத்தி ஆறு லட்சம் கழித்தால் 68.94 லட்சம்.

வயலின் விலையைத் தண்ணீர் தீர்மானிக்கிறது. 1895இல் முடிந்த முல்லைப் பெரியாறு அணையின் தண்ணீர் வைகை வழியாக வந்து பேரணை முதல் கள்ளந்திரி வரை 45,041 ஏக்கரை இருபோகமாக வைத்திருக்கிறது. மேலூர்ப் பக்கம் ஒருபோகம். உசிலம்பட்டிப் பக்கம் பெரும்பாலும் மானாவாரியும் கிணறும். ஒரே அளவு நிலம், மூன்று இடத்தில் மூன்று விலை. அதற்கு மேல், மடையிலிருந்து எத்தனையாவது வயல், வண்டிப்பாதை உண்டா, கிணற்றில் பங்கு எத்தனை, பம்புசெட்டுக்கு இலவச மின்சார இணைப்பு யார் பெயரில் என்பதெல்லாம் விலையில் ஏறும், இறங்கும். நான்குவழிச் சாலை பக்கத்தில் வந்துவிட்டது, மனை விலை போடலாம் என்பவர்களுக்கு ஒரு வார்த்தை: நஞ்சையை மனையாக்க அரசு அனுமதி வேண்டும். அந்த அனுமதி கையில் வரும்வரை அது வயல்தான். சென்ட் 40,000 என்று கொண்டால் 120 சென்ட்டுக்கு 48 லட்சம்.

மூன்றாவது, மனை. அங்கீகாரமில்லாத மனைப்பிரிவுகளைப் பதிவு செய்ய 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. 2017இல் வந்த வரன்முறைத் திட்டம் 2016 அக்டோபர் 20க்கு முன் பிரிக்கப்பட்ட மனைகளுக்கு வழி திறந்தது. 1990களில் தவணைக்கு வாங்கிய மனைகள் பல இந்த வகையில் வரும். மனை கண்மாய்ப் புறம்போக்கிலோ நீர்வழியிலோ இருந்தால் வரன்முறையே கிடையாது, விலையும் கிடையாது. அப்படி இல்லாத மனைக்கு, சென்ட் நாலு லட்சம் வீதம் 20 லட்சத்திலிருந்து வரன்முறைச் செலவாக ஒன்றரை லட்சத்தைக் கழித்து 18.50 லட்சம் என்று வைப்போம்.

மொத்தம் 135.44 லட்சம். மனைவியும் தாயும் இல்லை, மூன்று பிள்ளைகள் மட்டும் என்றால் ஆளுக்கு ஏறத்தாழ 45.15 லட்சம். வீட்டை எடுக்கும் அண்ணன் 23.79 லட்சமும் வயலை எடுக்கும் தம்பி 2.85 லட்சமும் தங்கைக்கு ரொக்கமாகத் தர வேண்டும். "மனை தங்கச்சிக்கு" என்று எல்லோரும் தலையாட்டியபோது, தங்கையின் பங்கிலிருந்து ஏறத்தாழ 26.65 லட்சம் பேச்சே இல்லாமல் கைமாறியிருக்கும்.

யார் மதிப்பிடுவது?

வருமான வரித் துறையில் பதிவு பெற்ற மதிப்பீட்டாளர்களும், கம்பெனிச் சட்டத்தின் கீழ் பதிவு பெற்றவர்களும், வங்கிகளின் பட்டியலில் உள்ள பொறியாளர்களும் மதுரையில் இருக்கிறார்கள். வரிக்குப் பயன்படுத்த வேண்டிய 2001ஆம் ஆண்டு அறிக்கையை வருமான வரித் துறையில் பதிவு பெற்றவரிடமே வாங்குவது பாதுகாப்பு. கடனுக்காக எழுதும் வங்கி மதிப்பீடு கையை இறுக்கியே எழுதப்படும், பாகத்துக்கு அதை அப்படியே எடுக்க வேண்டாம். அறிக்கையில் தொகை மட்டும் இருந்தால் போதாது. எந்தக் கிரையங்களோடு ஒப்பிட்டார், எதற்கு எவ்வளவு கூட்டினார், கழித்தார் என்பது எழுத்தில் இருக்க வேண்டும்.

சண்டையைத் தவிர்க்கும் எளிய ஏற்பாடு ஒன்று உண்டு. யார் எதை எடுப்பது என்று பேசுவதற்கு முன்பே, எல்லா வாரிசுகளும் கையெழுத்திட்டு ஒரே மதிப்பீட்டாளரை அமர்த்துவது. அது முடியாத குடும்பத்தில் இருவரை வைத்து, இரண்டு அறிக்கைக்கும் இடைவெளி 10 சதவீதத்துக்குள் இருந்தால் சராசரி, அதற்கு மேல் போனால் மூன்றாமவர் என்று முன்கூட்டியே எழுதிக்கொள்ளலாம்.

உடன்பாடு வராவிட்டால் நீதிமன்றம். 1893ஆம் ஆண்டு பாகப்பிரிவினைச் சட்டப்படி, துண்டுபோட முடியாத வீட்டை விற்றுப் பணத்தைப் பிரிக்கக் கோரலாம். அப்போது இன்னொரு பங்குதாரர் "நான் வாங்கிக்கொள்கிறேன்" என்று முன்வந்தால் விலையை நீதிமன்றமே மதிப்பிடச் செய்யும். வாரிசுகளில் ஒருவர் தன் பங்கை வெளியாருக்கு விற்க முனைந்தால், மற்ற வாரிசுகளுக்கு முன்னுரிமை தரும் பிரிவு ஒன்று இந்து வாரிசுரிமைச் சட்டத்திலும் உண்டு. அங்கேயும் உடன்பாடில்லாத விலையை நீதிமன்றம்தான் சொல்லும்.

வரிக் கணக்கு

வாரிசாகப் பெற்றதற்கு வரி இல்லை. விற்றால் உண்டு. அப்பா வாங்கிய விலையே வாரிசின் அடக்க விலை. 2001 ஏப்ரல் 1க்கு முன் வாங்கியதானால் அந்தத் தேதியின் சந்தை விலையை எடுத்துக்கொள்ளலாம், ஆனால் அது அன்றைய வழிகாட்டி மதிப்பைத் தாண்டக் கூடாது. மதிப்பீட்டாளர் எட்டு லட்சம் என்று எழுதி, 2001இன் வழிகாட்டி மதிப்பு ஆறு லட்சமாக இருந்தால், கணக்கில் நிற்பது ஆறு லட்சம்.

அந்த வீட்டை 2025-26 நிதியாண்டில் 75 லட்சத்துக்கு விற்பதாகக் கொள்வோம். 2024 ஜூலை 23க்குப் பிந்தைய விதிப்படி, பணவீக்கச் சரிக்கட்டு இல்லாமல் 69 லட்சத்துக்கு 12.5 சதவீதம், அதாவது 8.62 லட்சம். சரிக்கட்டு முறையில் அந்த ஆண்டின் குறியீடு 376, ஆறு லட்சம் 22.56 லட்சமாகும். மீதி 52.44 லட்சத்துக்கு 20 சதவீதம் 10.49 லட்சம். உள்நாட்டில் வசிப்பவர் இரண்டில் குறைந்ததைக் கட்டலாம், வெளிநாட்டில் வசிப்பவருக்கு முதல் வழி மட்டுமே. இரண்டிலும் கூடுதல் வரி தனி. 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் வருவதால் பழைய நூல்களில் உள்ள பிரிவு எண்களை நம்ப வேண்டாம்.

பத்திரம் எழுதும்போது

முத்திரைச் செலவைக் குறைக்கப் பாகப்பிரிவினைப் பத்திரத்தில் விலையைக் குறைத்துக் காட்டும் பழக்கம் இன்னும் இருக்கிறது. குடும்ப உறுப்பினர்களுக்குள் பாகப்பிரிவினைக்கு முத்திரைத் தீர்வை ஒரு சதவீதம், 2023 ஜூலை முதல் ஒரு பங்குக்கு அதிகபட்சம் 40,000 ரூபாய். பதிவுக் கட்டணத்துக்கு உச்சவரம்பு 10,000. ஒரு பங்கு 40 லட்சத்தைத் தாண்டினால் அதற்கு மேல் எவ்வளவு காட்டினாலும் தீர்வை ஏறாது. குறைத்துக் காட்டி மிச்சம் பிடிக்க அங்கே ஒன்றுமில்லை. சரிக்கட்டத் தரும் ரொக்கத்தை வங்கி வழியாகக் கொடுத்து, தொகையையும் தேதியையும் பத்திரத்திலேயே எழுத வேண்டும். ஒருவர் பணம் பெற்றுக்கொண்டு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தால் வரித்துறை அதை விற்பனையாகவே பார்க்க வாய்ப்பிருப்பதால், அந்த வழிக்குப் போகும் முன் ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

பதிவு முடிந்ததும் உட்பிரிவுடன் பட்டா மாறுதலுக்கு மனு, மாநகராட்சியில் வீட்டு வரிப் பெயர் மாற்றம், மின் இணைப்புப் பெயர் மாற்றம். மதிப்பறிக்கைகள், ஒப்பீட்டுக்கு எடுத்த கிரையங்களின் நகல், 2001 வழிகாட்டி மதிப்புக்கான ஆதாரம் ஆகியவற்றில் ஒரு கட்டு ஒவ்வொரு வாரிசின் கையிலும் இருக்கட்டும். பதினைந்து வருஷம் கழித்து விற்பவரிடம் ஆடிட்டர் முதலில் கேட்கப்போவது அந்தக் கட்டைத்தான்.